கிருமியைக் கொல்வதா, மூக்கைக் கழுவுவதா? மூக்கு ஸ்பிரேக்கள் உண்மையில் செய்யும் வேலை

சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. சளிக்காலம் மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை வந்துவிடுகிறது. சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) இங்கே ஆண்டு முழுவதும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் மே முதல் ஜூலை வரை ஒரு முறையும், ஆண்டு இறுதியில் தொடங்கி பிப்ரவரி வரை இன்னொரு முறையும் அது தலைதூக்குகிறது. இரண்டுமே பள்ளி விடுமுறைகளை ஒட்டி வருபவை. ஜூனிலும் டிசம்பரிலும் குடும்பம் குடும்பமாகத் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்த் திரும்புகிறோம். திரும்பியதும் பிள்ளைகள் குளிரூட்டிய வகுப்பறைகளுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் போகிறார்கள், நாம் நெரிசலான எம்ஆர்டியில் ஏறுகிறோம். ஒரு வாரத்தில் வீட்டில் ஒருவர் தும்மத் தொடங்கினால், அடுத்த வாரத்துக்குள் தாத்தா பாட்டி வரை சுற்றி வந்துவிடுகிறது.

அந்த மாதங்களில் கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி போன்ற மருந்துக்கடைகளில் மூக்கு ஸ்பிரேக்கள் கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடும். என் அண்டை வீட்டு அம்மா ஒருவர் அப்படி ஓர் அடுக்கின் முன்னால் நின்றுகொண்டு, "தம்பி, இதில் எது கிருமியைக் கொல்லும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொவிட்-19 காலத்தில் கைகளுக்குக் கிருமிநாசினி பூசிப் பழகிய நமக்கு, கிருமி நுழையும் வாசலான மூக்குக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூக்கைப் பொறுத்தவரை கொல்வதைவிடக் கழுவுவதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது.

முதலில், அந்த அடுக்கில் ஒன்றுபோலத் தெரியும் பெட்டிகளுக்குள் இருப்பவை ஒன்றல்ல. பெட்டடைன் என்றதும் காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் அதே பெயரில் இங்கே விற்கும் கோல்ட் டிஃபென்ஸ் மூக்கு ஸ்பிரேயின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், செயல்படும் பொருளாக அயோட்டா காராஜீனன் என்று இருக்கும். அது சிவப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள். அயோடின் அல்ல, கிருமிநாசினியும் அல்ல. மூக்கின் உட்சவ்வின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, கிருமி செல்லில் ஒட்டுவதைத் தடுப்பதே அதன் வேலை. விக்ஸ் ஃபர்ஸ்ட் டிஃபென்ஸ் என்பது இன்னொரு வகை. அது லேசான அமிலத்தன்மை கொண்ட ஜெல். கிருமியைப் பிடித்துவைத்து, அதற்கு ஒவ்வாத சூழலை உண்டாக்குவது அதன் நோக்கம். பிறகு வெறும் உப்பு நீர் ஸ்பிரேக்கள். பிறகு ஒவ்வாமைக்கான ஸ்பிரேக்கள். மூக்கடைப்பைச் சட்டென்று திறந்துவிடும் ஆக்ஸிமெட்டசோலின் வகையும் பக்கத்திலேயே இருக்கும். அசல் கிருமிநாசினியான போவிடோன் அயோடின் கலந்த மூக்கு ஸ்பிரேக்கள் இவற்றிலிருந்து தனிப்பட்ட வகை.

இதில் ஆக்ஸிமெட்டசோலினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது கிருமியை ஒன்றும் செய்வதில்லை, வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தை நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதற்காக மீண்டும் அடிக்க, மீண்டும் அடைக்க, மாதக்கணக்கில் அதிலிருந்து மீள முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. "தடுப்புக்காக" தினமும் அடித்துக்கொள்ள வேண்டிய பொருள் அது அல்லவே அல்ல.

சரி, மூக்குக்குள் என்ன நடக்கிறது? சாதாரணச் சளிக்கு முதன்மைக் காரணம் ரைனோவைரஸ்கள். அவற்றில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஒரு முறை வந்த சளி அடுத்த முறை வராமல் காப்பதில்லை, அதற்குத் தடுப்பூசியும் இல்லை. உடலின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட, மூக்கின் 33 முதல் 35 டிகிரி வெப்பத்தில் இவை நன்றாகப் பெருகுகின்றன. மூக்கும் சும்மா இருப்பதில்லை. உட்சவ்வின் மேல் சளிப்படலம் ஒன்று இருக்கிறது. அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து, விமான நிலையத்தின் நகரும் நடைபாதை போல அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூசியும் கிருமியும் அதில் ஒட்டித் தொண்டைக்குப் போய், விழுங்கப்பட்டு, வயிற்று அமிலத்தில் அழிகின்றன. 10 முதல் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை படலம் புதிதாகிவிடுகிறது.

இங்கேதான் கிருமிநாசினி ஸ்பிரேயின் சிக்கல் தொடங்குகிறது. நாம் அடிக்கும் திரவத்தையும் அதே படலம் அதே வேகத்தில் வெளியேற்றிவிடுகிறது. செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட கிருமியை மேலே தெளிக்கும் எதுவும் எட்டாது. வாய்வழியாக மூச்சு விடும்போது நேரே தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் நுண்துளிகளுக்கு மூக்கில் அடித்த மருந்து சம்பந்தமே இல்லாதது. ஆய்வுக்கூடக் குடுவையில் போவிடோன் அயோடின் கொரோனா வகைக் கிருமிகளை நொடிக்கணக்கில் செயலிழக்கச் செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் குடுவைக்குச் சளிப்படலம் கிடையாது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? முதலில் நம் ஊரிலேயே நடந்த ஒன்று. 2020ஆம் ஆண்டு மே மாதம், வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொவிட்-19 காட்டுத்தீயாய்ப் பரவியபோது, துவாஸ் சவுத் தங்குவிடுதியில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதில் பங்கேற்றவர்களில், தொடக்கத்தில் தொற்று இல்லாத 3,037 ஆண்களின் முடிவுகள் கணக்கில் எடுக்கப்பட்டன. சராசரி வயது 33. அந்தக் காலத்தில் அறைக் கதவைத் தாண்ட முடியாமல் நாட்களை எண்ணிக்கொண்டிருந்த ஊழியர்களில் தமிழர்கள் எத்தனையோ பேர் என்பதை மறந்துவிட்டு என்னால் இந்த ஆய்வைப் படிக்க முடிவதில்லை. 42 நாட்களின் முடிவில், வைட்டமின் சி மட்டும் பெற்ற குழுவில் 70% பேருக்குத் தொற்று. போவிடோன் அயோடினைத் தொண்டையில் தெளித்துக்கொண்ட குழுவில் 46% பேருக்கு.

பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அது தொண்டை ஸ்பிரே, மூக்கு ஸ்பிரே அல்ல. யாருக்கு என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. இன்னொன்று, மருந்தைப் பயன்படுத்தியும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்தது. ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் நெரிசலை எந்த ஸ்பிரேயாலும் ஈடுகட்ட முடியவில்லை.

இதற்கு நேர்மாறான முடிவு ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது. கியோத்தோ ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 387 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குளிர்காலத்தில் 60 நாட்கள் கண்காணிக்கப்பட்டார்கள். ஒரு குழு வெறும் தண்ணீரால் தொண்டை கொப்பளித்தது. ஒரு குழு நீர்த்த போவிடோன் அயோடினால் கொப்பளித்தது. மூன்றாவது குழு வழக்கம்போல் இருந்தது. தண்ணீர்க் குழுவுக்குச் சளித் தொற்று 36% குறைந்தது. அயோடின் குழுவோ ஒன்றும் செய்யாதவர்களை ஒட்டியே நின்றது. தொண்டையிலும் மூக்கிலும் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் குடியிருக்கின்றன. அயோடின் வேண்டியது வேண்டாதது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

நான் மிகவும் மதிக்கும் சான்று 2024இல் லான்செட் குழுமத்தின் சுவாச மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு. குடும்ப மருத்துவர்களின் மருந்தகங்கள் வழியாக 13,799 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஏதேனும் நாட்பட்ட நோய் உள்ளவர்கள், அடிக்கடி சளி பிடிப்பவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒரு குழுவுக்கு மேலே சொன்ன ஜெல் வகை ஸ்பிரே, ஒரு குழுவுக்கு உப்பு நீர் ஸ்பிரே, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய இணைய வழிகாட்டி, ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஸ்பிரே பெற்றவர்களைத் தினமும் அடிக்கச் சொல்லவில்லை. தொண்டை கரகரத்த உடனேயோ, சளி பிடித்தவர் அருகில் இருந்துவிட்டு வந்த பிறகோ, ஒரு நாளைக்கு ஆறு முறை வரை அடிக்கச் சொன்னார்கள். ஆறு மாதங்களில், வழக்கமான கவனிப்புக் குழு சராசரியாக 8.2 நாட்கள் சளித் தொற்றால் அவதிப்பட்டது. ஜெல் குழுவுக்கு 6.5 நாட்கள். உப்பு நீர்க் குழுவுக்கு 6.4 நாட்கள். ஆன்டிபயாடிக் மருந்துகளின் பயன்பாடும் ஸ்பிரே குழுக்களில் குறைந்தது.

காப்புரிமையும் விளம்பரமும் கொண்ட ஜெல்லும் சாதாரண உப்பு நீரும் ஒரே இடத்தில் வந்து நின்றன. தலைவலி, சைனஸ் வலி மட்டும் ஜெல் குழுவில் சற்று அதிகம். உப்பு நீர் ஸ்பிரே விலை குறைவு, வயதானவர்களுக்கும் பாதுகாப்பானது, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. சிங்கப்பூரில் ஒரு குடும்பம் இந்த மாதங்களுக்காக ஒரே ஒரு பொருளை வாங்கி வைக்க வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

உப்பு நீர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான விளக்கம் கிடைத்திருக்கிறது. மூக்கின் உட்சவ்வுச் செல்கள், உப்பில் உள்ள குளோரைடை எடுத்துக்கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தாமே தயாரிக்கின்றன. நீச்சல் குளத்துத் தண்ணீரில் குளோரின் கலந்தால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். உப்பு அதிகம் கிடைத்தால் செல்கள் கிருமியின் பெருக்கத்தை அதிகம் கட்டுப்படுத்துவதை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். வெளியிலிருந்து கிருமிநாசினி தெளிப்பதற்குப் பதிலாக, கிருமி புகுந்த செல்லுக்கே மூலப்பொருளைக் கொடுக்கிறோம். அதே குழு 2019இல் வெளியிட்ட 66 பேர் கொண்ட சிறிய ஆய்வில், உப்பு நீரால் மூக்கைக் கழுவித் தொண்டையும் கொப்பளித்தவர்களுக்குச் சளி சுமார் இரண்டு நாட்கள் முன்னதாகக் குணமானது. 2024இல் அவர்கள் அறிவித்த இன்னோர் ஆய்வில் ஆறு வயது வரையுள்ள 407 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். உப்பு நீர்ச் சொட்டு விட்ட பிள்ளைகளுக்குச் சளி 6 நாட்கள், மற்றவர்களுக்கு 8 நாட்கள். வீட்டில் மற்றவருக்குத் தொற்றியதும் குறைந்தது: 61 சதவீதத்துக்குப் பதில் 46 சதவீதக் குடும்பங்களில். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டாவது எண்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காராஜீனனையும் தள்ளிவிட முடியாது. அர்ஜென்டினாவில் கொவிட்-19 நோயாளிகளைக் கவனித்த 394 மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், காராஜீனன் ஸ்பிரே அடித்தவர்களில் 1% பேருக்கும், மருந்து கலக்காத போலி ஸ்பிரே பெற்றவர்களில் 5% பேருக்கும் தொற்று வந்தது. சாதாரணச் சளியில் அதன் முடிவுகள் கலவையானவை. ஒவ்வாமை மருந்தான அசெலஸ்டினைப் பற்றி ஜெர்மனியில் 450 பேரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வும் கவனத்துக்குரியது: நாளுக்கு மூன்று முறை என 56 நாட்கள் அடித்தவர்களில் 2.2% பேருக்குக் கொவிட், மற்றவர்களில் 6.7%. இவை இரண்டுமே கிருமிநாசினிகள் அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

மூக்கில் எதையாவது தெளித்து நோயைத் தடுக்கும் ஆசை புதியதல்ல. 1937இல் கனடாவின் டொராண்டோ நகரில் போலியோ பரவியபோது, கிருமி மூக்கு வழியாகத்தான் நுழைகிறது என்று நம்பி ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டைத் தெளித்தார்கள். போலியோ நிற்கவில்லை. குழந்தைகளில் பலருக்கு மோப்பம் போனது, சிலருக்கு அது திரும்பவே இல்லை. அந்தப் பாடம் எப்படியோ மறந்துபோய், சளிக்கென்று துத்தநாக மூக்கு ஜெல் அமெரிக்காவில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. மோப்பம் இழந்ததாக நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பிறகு, 2009 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு எதிராக எச்சரித்தது. ரசத்தின் வாசனை தெரியாமல் வாழ்வது சிறிய இழப்பு அல்ல. கேஸ் கசிவதும் தெரியாது. ஆகவே துத்தநாகம் என்று எழுதிய எதையும் மூக்குக்குள் விடாதீர்கள்.

அயோடினிலும் எச்சரிக்கை தேவை. காயத்துக்கான போவிடோன் அயோடின் 10% செறிவு கொண்டது. மூக்குக்கான ஆய்வுகளில் பெரும்பாலும் 0.5% போன்ற அளவுகளே பயன்படுத்தப்பட்டன. செறிவு கூடினால் முன்பு சொன்ன நுண்மயிர்களின் அசைவு பாதிக்கப்படும், அதாவது மூக்கின் சொந்தக் காவலை நாமே முடக்கிவிடுவோம். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பழுப்பு பாட்டிலைத் தண்ணீரில் கலந்து வீட்டிலேயே ஸ்பிரே தயாரிப்பது இதனால்தான் ஆபத்து. அயோடின் சவ்வு வழியாக உடலில் ஏறும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. நம் பெண்களில் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

ஊருக்குப் போய் வருபவர்கள் கொண்டுவரும் ஸ்பிரேக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2022 பிப்ரவரியில் அனுமதி பெற்ற ஃபாபிஸ்பிரே என்ற நைட்ரிக் ஆக்சைடு மருந்து, நோய் முற்றும் ஆபத்துள்ள கொவிட் நோயாளிகளின் சிகிச்சைக்கானது. சளிக்காகச் சும்மா அடித்துக்கொள்வதற்கு அல்ல. இங்கே வாங்கும் பொருளிலும், மருந்தாகப் பதிவானது வேறு, மருத்துவச் சாதனமாக விற்கப்படுவது வேறு. குறைந்த ஆபத்துள்ள 'ஏ' வகைச் சாதனங்களுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தனிப்பட்ட பதிவு தேவையில்லை. கடையில் இருக்கிறது என்பதாலேயே அது நோயைத் தடுக்கும் என்று யாரோ சோதித்து முத்திரை குத்தியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்கினாலும் அடிக்கும் முறை தவறினால் பலன் பாதிதான். முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். தலையைப் பின்னால் சாய்க்காமல், சற்று முன்னால் குனியுங்கள். வலது கையால் இடது துவாரத்திலும், இடது கையால் வலது துவாரத்திலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் முனை நடுச்சுவரைப் பார்க்காமல், வெளிப்பக்கமாகக் காதை நோக்கித் திரும்பும். நடுச்சுவரின் மேலேயே திரும்பத் திரும்ப அடித்தால் அது வறண்டு ரத்தம் கசியும். அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். உறிஞ்சி இழுத்தால் மருந்து நேரே தொண்டைக்குப் போய், கசப்புதான் மிஞ்சும். பிறகு முனையைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டில் என்பது கூடவே கூடாது, ஆளுக்கொன்று வேண்டும். பாட்டிலைத் திறந்த தேதியை மேலேயே எழுதிவையுங்கள். திறந்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது பெட்டியில் இருக்கும்.

யோகப் பயிற்சியில் ஜலநேதி, அதாவது உப்பு நீரால் மூக்கைக் கழுவும் முறை, கற்றவர்கள் ஸ்பிரேக்குப் பதில் அதையே செய்யலாம். ஒரே நிபந்தனை, தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆனால் மூக்கில் விடும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தாக வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார்கள். மிக அரிதானதுதான், ஆனால் கெட்டிலைத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் தவிர்த்துவிடக்கூடியது.

கோடாலித் தைலம் இல்லாத தமிழ் வீடு இங்கே குறைவு. 1928 முதல் சிங்கப்பூரிலேயே தயாராகும் பொருள் அது. அதிலுள்ள மென்தால் மூக்கின் குளிர் உணர்வைத் தூண்டுவதால் அடைப்பு திறந்ததுபோல் இருக்கும். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், தூங்க உதவும். ஆனால் கிருமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூக்குத் துவாரத்துக்குள் தடவக் கூடாது, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. ஆவி பிடிக்கும்போது பிள்ளைகள் மேல் வெந்நீர் கொட்டிச் சுட்டுவிடும் விபத்துகளையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இவ்வளவும் சளிக்கு. சளிக்காய்ச்சல் வேறு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா போன்றவை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் அதைப் போட்டுக்கொள்ளச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கிறது. இவர்களில் ஒருவருக்குத் திடீரென்று கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், ஸ்பிரே அடித்துப் பார்த்துக்கொண்டு இரண்டு நாட்களைக் கடத்தாதீர்கள். ஒசெல்டாமிவிர் போன்ற கிருமி எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதுதான் நன்றாகப் பலன் தரும். முதல் நாளே குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ அழைத்துப்போங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.